டில்லிபாபுவின் கிராப்பும் ஆகாயத்து எலக்ட்ரான்களும்

திருத்தணியில் பூமி அதிரப்போகிறது என்ற சேதி பூமிக்குள்ளிருந்து வரவில்லை, மேலேயிருந்து வந்தது. எவ்வளவு மேலே என்றால், மலைக்கோயில் கோபுரத்துக்கு மேலே, பருந்துக்கு மேலே, அரக்கோணத்துக் கடற்படை விமானங்கள் பறக்கிற உயரத்துக்கும் மேலே. காற்று என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லாத அந்த இடத்தில் எலக்ட்ரான்கள் வேலைவெட்டி இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அயனி மண்டலம் என்று பெயர். அங்கே நடப்பதைப் பிடித்துத் தருகிற கருவி டில்லிபாபுவின் வீட்டு மாடியில் இருந்தது.

டில்லிபாபுவுக்குச் சொத்து மூன்று. ஒரு வீடு, ஒரு தாய், ஒரு கிராப்பு. இவற்றில் அவன் அதிகமாகப் பராமரித்தது மூன்றாவதை. அது நெற்றியிலிருந்து கிளம்பி, தணிகை மலையைப் போலவே ஒரு பக்கம் செங்குத்தாக ஏறி மறுபக்கம் சரிவாக இறங்கும். பஜார் தெரு சலூன்காரர் அதைப் படம் பிடித்துக் கடைப் பலகையில் போட்டிருந்தார். ஓர் ஐப்பசி மழையில் அந்தக் கிராப்புக்குள் ஒதுங்கிய சிட்டுக்குருவி, மழை விட்ட பிறகும் போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தது என்று அவர் சத்தியம் செய்வார். ஊரில் பாதிப் பேர் அதை நம்பினார்கள். மீதிப் பாதிக்கும் சேர்த்து டில்லிபாபு நம்பினான்.

கருவியை வைத்தவர்கள் சென்னை ஆராய்ச்சி நிலையம் ஒன்றைச் சேர்ந்தவர்கள். கெட்டியான பாறையும் தடையில்லாத வானமும் தேடி வந்தவர்களுக்கு, மலையடிவாரத்தில் பாறைமேல் கட்டிய இந்த வீடு பிடித்துப்போயிற்று. மாடியில் ஒரு குட்டைத் தூண் எழுப்பி, அதன் தலையில் வெள்ளைக் காளான் மாதிரி ஓர் ஆன்டெனாவை உட்காரவைத்தார்கள். அதை ஒட்டி ஒரு சோலார் தகடு. செயற்கைக்கோள் அனுப்புகிற ரேடியோ அலை கீழே வரும்போது எலக்ட்ரான் கூட்டத்தில் சிக்கிக் கொஞ்சம் தாமதமாகும். தாமதத்தை வைத்துக் கூட்டம் எவ்வளவு என்று கணக்குப் போடலாம். கிருத்திகைக்கு வந்த பஸ் எவ்வளவு நேரம் சாலையில் நின்றது என்று கேட்டுவிட்டு, மலையில் எத்தனை ஜனம் என்று வீட்டிலிருந்தே சொல்லுகிறவர்கள் இல்லையா, அந்தக் கணக்குதான்.

பெரிய பூகம்பத்துக்கு முன்னால் மேலே இருக்கிற எலக்ட்ரான்கள் நிலைகொள்ளாமல் தவிக்கும் என்று சில விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அதெல்லாம் சூரியன் செய்கிற சேட்டை, பூமிக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி என்று பார்க்கத்தான் காளான்.

அதைத் துடைப்பதும், காக்கை விரட்டுவதும், வானத்தை எதுவும் மறைக்காமல் பார்த்துக்கொள்வதும் டில்லிபாபுவின் வேலை. இதில் அவன் கடுமையாக இருந்தான். எதிர்வீட்டுத் துணிக்கொடியை அவிழ்க்க வைத்தான். பக்கத்து வீட்டு முருங்கை மாடியை எட்டிப் பார்த்தபோது அதன் தலையை வாங்கினான். பெற்ற தாய் கெங்கம்மாள் வடகம் காயவைத்த எவர்சில்வர் தாம்பாளத்தையே வடகத்தோடு கீழே இறக்கினான். யாராவது என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால், 'ஆராய்ச்சி நிலையப் பொறுப்பாளர்' என்று சொல்லப் பழகிக்கொண்டான்.

அந்தப் பட்டம் கனகம்மாசத்திரம் வரை போயிற்று. அங்கே கெங்கம்மாளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் கண்ணையன் இருந்தார், கரும்புக்காரர். அவர் மகள் கல்பனா. கரும்பு வெட்ட வருகிறவர்களிடமும் லாரிக்காரர்களிடமும் பேசி முடிக்க வேண்டியிருந்தால் கண்ணையன் தான் போகமாட்டார், மகளைத்தான் அனுப்புவார். பொறுப்பாளர் என்ற சொல்லைக் கேட்டதும் பெண் கொடுக்கலாம் என்று கண்ணையனுக்குத் தோன்றியது. கல்பனாவோ பஸ்ஸில் போகும்போது சலூன் பலகையைப் பார்த்திருக்கிறாள், 'இது யாரு?' என்று விசாரித்தும் இருக்கிறாள். இந்த இரண்டாவது தகவல் காதுக்கு வந்த நாள் டில்லிபாபு மதியச் சோறு சாப்பிடவில்லை. கிருத்திகைக்கு மலைக்கு வருவதாகவும், தரிசனம் முடித்துக்கொண்டு அப்படியே மாப்பிள்ளை வீட்டுக்கு வருவதாகவும் கண்ணையன் சொல்லியனுப்பினார்.

அன்றிலிருந்து டில்லிபாபு மாடியில் தலை வார ஆரம்பித்தான். வீட்டில் கண்ணாடி இல்லையா என்றால், இருந்தது. ஆனால் அதில் பார்த்தால் தலைக்குப் பின்னால் பரணும் அரிசி மூட்டையும் தெரிந்தன. சோலார் தகட்டின்மேல் குனிந்து பார்த்தால் தலைக்குப் பின்னால் வானமும் மேகமும் தெரிந்தன. காலண்டர் சாமி மாதிரி இருந்தது. காலையில் வெயில் ஏறும்போது, காளானுக்கும் தன் காதுக்கும் நடுவே ஒரு கைக்குட்டை நுழைகிற இடம்கூட விடாமல் குனிந்து, மலையை ஏற்றி இறக்கி, கலைத்து, மறுபடி ஏற்றுவான்.

சென்னையில் இந்தக் கருவியின் கோடுகளைப் பார்க்கிறவள் அனிதா என்ற ஆராய்ச்சியாளர். நிதானமான பெண். அவளுக்கு முதலில் வியப்பாகவும் பிறகு கவலையாகவும் இருந்தது. காலைதோறும் திருத்தணிக்கு நேர்மேலே எலக்ட்ரான்கள் திடீரென்று கொந்தளித்தன, ஆடின, ஓய்ந்தன. சூரியன் சும்மா இருந்தது. பக்கத்து ஊர்க் கருவிகள் சும்மா இருந்தன. போன் செய்து, ஆன்டெனாவை ஏதாவது மறைக்கிறதா, மரமோ தொட்டியோ ஆளோ பக்கத்தில் உண்டா என்று கேட்டாள்.

"காக்கா கூட கெடையாதுங்க மேடம். நான்தான் கூடவே நின்னு பாத்துகினு கீறேன்" என்றான் டில்லிபாபு.

சொன்னது அத்தனையும் உண்மை. அவள் அதை அக்கறை என்று எடுத்துக்கொண்டாள். பெரும்பாலும் இது ஏதோ உள்ளூர் இடையூறாகத்தான் இருக்கும், பூகம்பத்தை முன்கூட்டிச் சொல்ல இன்றைக்கு உலகத்தில் எவராலும் முடியாது, ஆனாலும் இப்படி ஒரு அறிகுறியைப் பற்றிச் சிலர் எழுதியிருக்கிறார்கள், அதனால் கவனமாகப் பாருங்கள், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்றாள். டில்லிபாபு யாரிடமும் சொல்லவில்லை. டீக்கடையில் மட்டும் சொன்னான். அதுவும், சென்னை மேடம் ரகசியமாகப் பேசுகிற அளவுக்குத் தான் பெரிய ஆள் என்பதற்கு ஆதாரமாகத்தான் சொன்னான்.

சாயங்காலத்துக்குள் சேதி சித்தூர் ரோட்டைத் தாண்டி ஆந்திராவுக்குள் போய், தெலுங்கில் இன்னும் பெரிதாகி, திரும்பி வந்தது. ஊர் தன்னால் முடிந்த முன்னேற்பாடுகளைச் செய்தது. டீக்கடைக்காரர், ஆட்டத்தில் சிந்தாமல் இருக்கட்டும் என்று அரை டம்ளர் டீயாக ஊற்ற ஆரம்பித்தார். பரண்மேல் இருந்தால் விழுந்து உடையும் என்று எல்லா வீட்டிலும் ஊறுகாய் ஜாடிகளைத் தரைக்கு இறக்கினார்கள். அவற்றில் தடுக்கி விழுந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட இடம் போதவில்லை. மயில் அகவியது, ஐயோ என்றார்கள். அது பிறந்ததிலிருந்து அகவிக்கொண்டிருப்பது ஒருவருக்கும் நினைவில்லை. மலைக் குரங்குகளோ அந்த வாரம் யார் பையையும் பிடுங்காமல், வால் சுருட்டி வரிசையாக உட்கார்ந்து ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஊரை அதிகம் நடுங்க வைத்தது இதுதான்.

காரணம் என்ன என்ற கேள்வி எழுந்தது. கெங்கம்மாளுக்கு விடை தெரிந்திருந்தது.

டில்லிபாபு குழந்தையாக இருக்கும்போது ஒரு காய்ச்சல் வந்து பிழைப்பானோ மாட்டானோ என்று கிடந்தான். பிழைத்தால் தலைமுடியைத் தருகிறேன் என்று தணிகை முருகனிடம் கெங்கம்மாள் வேண்டிக்கொண்டாள். பிழைத்தான். முடியைத்தான் தரவில்லை. பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ, அடுத்த வருஷம் சளி, அப்புறம் அக்கா கல்யாணம், அப்புறம் சலூன் பலகை என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது. மலைக்கு நேர் கீழே குடியிருந்துகொண்டு, ஆந்திரா முழுவதிலுமிருந்தும் ஜனங்கள் வந்து மொட்டையடித்துக்கொண்டு போவதைத் தின்பண்டம் தின்றபடி வேடிக்கை பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

"எம்மா நாளைக்கு, நைனா, சாமி பொறுத்துகினு கீறது?" என்றாள் கெங்கம்மாள். "கீழ சொல்லிப் பாத்தாரு, நீ கேக்கல. இப்போ மேல ஏறி நின்னு சொல்றாரு."

வியாபாரிகள் சங்கத் தலைவர் தணிகைமணிக்கு இந்த விளக்கம் பிடித்திருந்தது. அவர் பாத்திரக்கடைக்காரர், அடுக்கி வைத்த குடங்கள் கடை நிறைய இருந்ததால் ஊரிலேயே அதிகம் பயந்தவர் அவர்தான். நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, கிருத்திகையன்று காலை முடிக்காணிக்கையைச் செலுத்திவிடும்படி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பெண் வீட்டார் அன்றைக்குத்தான் வருகிறார்கள், ஒரே ஒரு கிருத்திகை தள்ளிப் போடலாமே என்று டில்லிபாபு கெஞ்சினான். ஒரு ஊர் பெரிதா ஒரு கிராப்பு பெரிதா என்று தணிகைமணி கேட்டார். டில்லிபாபுவுக்கு உடனே பதில் தெரிந்தது. ஆனால் சொல்லக்கூடிய பதில் அல்ல.

மறுநாள் காலை அவன் வழக்கம்போல் மாடிக்குப் போய், இன்னும் எத்தனை நாளோ என்ற துக்கத்தோடு வாரிக்கொண்டிருந்தபோது அனிதா போன் செய்தாள். இதோ, இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது, சுற்றிப் பாருங்கள் என்றாள். அவன் நிமிர்ந்து நாலு பக்கமும் பார்த்தான். நின்றுவிட்டது என்றாள். ஒன்றும் இல்லையே என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி குனிந்தான். மறுபடி ஏறுகிறது என்றாள்.

டில்லிபாபுவின் கை பாதி வாரலில் நின்றது. தலையை மெல்ல இடதுபக்கம் சாய்த்தான். "கொஞ்சம் மாறுது" என்றது போன். வலதுபக்கம் சாய்த்தான். அதற்கும் மாறியது. பின்னால் இரண்டடி நகர்ந்தான். ஆகாயம் முழுவதும் அடங்கிப்போயிற்று.

தூணடியில் உட்கார்ந்துவிட்டான். அனிதா என்ன என்ன என்று கேட்டாள். காற்று, மேடம் என்றான்.

உண்மையைச் சொன்னால் தலை தப்பும். பொறுப்பாளர் பட்டம் போகும். முருங்கையின் தலையை வெட்டியவன் தன் தலையைக் கொண்டுபோய் நீட்டினான் என்று ஊர் சிரிக்கும். சொல்லாவிட்டால் பட்டம் தப்பும், தலை போகும். பட்டத்தைப் பார்த்து வருகிறவர் கண்ணையன். தலையைப் பார்த்து வருகிறவள் கல்பனா. கல்யாணம் பண்ணிக்கொள்ளப்போவது கண்ணையனை அல்ல என்கிற வரைக்கும் அவன் யோசித்து முடிப்பதற்குள் கிருத்திகை வந்துவிட்டது.

முடிக்காணிக்கை மண்டபத்தில் அன்று நிற்க இடமில்லை. ஊர் முழுக்க வந்திருந்தது. குரங்குகளும் வந்திருந்தன. கெங்கம்மாள் மகனைக் கொண்டுபோய் மணைமேல் உட்காரவைத்தாள். மொட்டை போடுகிறவர் ஒரு சொம்புத் தண்ணீரை அவன் தலையில் கவிழ்த்தார்; தண்ணீர் உள்ளே போனதே தவிர, கொஞ்ச நேரத்துக்கு ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. அந்த இடைவெளியில் டில்லிபாபு கூட்டத்துக்கு அப்பால் கண்ணையனைப் பார்த்தான். பக்கத்தில் பச்சைப் புடவையில் கல்பனா. பெண் வீட்டார் காலை பஸ்ஸிலேயே வந்திருந்தார்கள்.

கத்தி நெற்றியைத் தொடும்போது அவன் எழுந்து நின்றான்.

"சாமி கோவமும் இல்ல, பூகம்பமும் இல்ல. நான் சோலார் தகட்டுல மூஞ்ச பாத்து தல வாரிகினு இருந்தேன். என் தலதான் ஆன்டெனாவ மறச்சிது. அவ்ளோதான்."

தணிகைமணி, இரக்கத்தோடு, அவன் தோளில் கைவைத்தார்.

"தம்பி, பயத்துல எல்லாரும் எதனா பேசறதுதான். ஆகாயத்த மறைக்கிற அளவுக்கா உனுக்குத் தல கீது?"

கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது. முருகனுக்குக் கோபம் என்பதை நம்ப முடிந்தது. பூமி அதிரும் என்பதையும் நம்ப முடிந்தது. ஒரு மனிதன் சோலார் தகட்டில் தலை வாருவான் என்பதை ஒருவராலும் நம்ப முடியவில்லை. டில்லிபாபு அனிதாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, மறுபடி எல்லாவற்றையும் சொன்னான். அந்தப் பக்கம் அனிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. அப்புறம் அவள், சரியாகத்தான் பொருந்துகிறது, இதுவே காரணமாக இருக்கும் என்றாள். டில்லிபாபு உயிர் வந்தவனைப் போல எல்லாரையும் பார்த்தான்.

தணிகைமணி போனுக்கருகில் குனிந்தார். "மேடம், அப்போ திருத்தணிக்கு பூகம்பம் வராதுன்னு கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணுவீங்களா?"

அனிதா நேர்மையான பெண். "அப்படி எந்த ஊருக்கும் யாராலயும் சொல்ல முடியாதுங்க" என்றாள்.

அதோடு தீர்ந்தது. விஞ்ஞானமே கைவிட்ட பிறகு மொட்டைதான் மிச்சம் என்று ஊர் முடிவு செய்தது. டில்லிபாபுவை உட்காரவைத்தார்கள். முடி விழ விழ மண்டபத்துப் பணியாளர் கூடை மாற்றிக் கூடை கொண்டுவந்தார். கடைசியில், அந்த மலைக்கு உள்ளே இவ்வளவு சின்னத் தலையா இருந்தது என்று கெங்கம்மாளே ஒரு கணம் மகனை அடையாளம் தெரியாமல் நின்றுவிட்டு, அப்புறம்தான் சந்தனம் பூசினாள்.

மத்தியானம் வீட்டில் பெண் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். டில்லிபாபு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தான். அனிதா போன் செய்தாள்; போன் இன்னும் ஸ்பீக்கரிலேயே இருந்தது. இன்றைக்குக் கோடு தரையில் கிடக்கிற கயிறு மாதிரி நேராக இருக்கிறது, 'இடையூறு நீக்கப்பட்டது' என்று பதிந்துவிட்டேன் என்றாள். திறந்திருந்த வாசலில் நின்ற தணிகைமணி அதைக் காதால் கேட்டார். உடனே உள்ளே வந்து, சந்தோஷத்தில் கண்ணையனைக் கட்டிக்கொண்டு, ஊர் சார்பாக ஒரு வேண்டுகோள் வைத்தார். இடையூறு எது என்று சென்னையே சொல்லிவிட்டது. ஆகையால் டில்லிபாபு இனி மாதாமாதம் கிருத்திகைக்கு மொட்டை போட்டுக்கொள்ள வேண்டும்.

கதவுக்குப் பின்னால் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. டில்லிபாபு உட்கார்ந்துவிட்டிருந்தான்.

கல்பனா எழுந்து அடுக்களைப் பக்கம் போய், கதவிடுக்கில் பார்த்தாள்.

"மண்டபத்துல நீங்க சொன்னத நான் நம்பினேன் பாவா."

"மெய்யாவா?"

"ஆங். சலூன் போர்டுல அந்த மூஞ்சியப் பாத்தவங்க யாரா இருந்தாலும் நம்புவாங்க."

இது பாராட்டா இல்லையா என்று டில்லிபாபு யோசிப்பதற்குள் அவள் கூடத்துக்குத் திரும்பி, லாரிக்காரர்களிடம் பேசுகிற தோரணையில் தணிகைமணியின் எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்க கடையில ஒரு கொடம் வாங்கிகினு போறோம்ண்ணா. மாசாமாசம் வந்து கொடத்துக்கு மறுபடியும் காசு கேப்பீங்களா?"

அதெப்படி என்றார் தணிகைமணி.

"வேண்டுதல் ஒரு தபா. சாமி வாங்கிகினாரு. இனிமே மொளைக்கிறது இவுரோடது."

"பூகம்பம் வந்தா யாரும்மா பதில் சொல்றது?"

"வந்தா ஊரோட போயி மொட்ட போட்டுக்கலாம். நீங்க பெரியவங்க, மொதல்ல நீங்க குந்துங்க."

தணிகைமணிக்குத் தலையில் மிஞ்சியிருந்தது காதோரம் கொஞ்சம். அதற்கும் மாதம் தவறாமல் டை அடித்து வந்தார். அவர் கை தானாகக் காதோரம் போயிற்று. பேச்சு சுமுகமாக முடிந்தது. முடி வளரலாம். ஆனால் டில்லிபாபு மாடி ஏறக்கூடாது. காளானைத் துடைக்கிற பொறுப்பு கெங்கம்மாளுக்கு. அவள் அன்று மாலையே முக்காடு போட்டுக்கொண்டு மேலே போய், எதிர்வீட்டுக் கொடியில் ஒரு லுங்கி காய்வதைக் கண்டுபிடித்து, மகனைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

நிச்சயதார்த்தத்துக்குத்தான் நாள் குறிக்க முடியவில்லை. பஞ்சாங்கத்தில் முகூர்த்தம் இல்லாமலில்லை. போட்டோவில் வகிடு தெரியவேண்டும் என்று கல்பனா சொல்லிவிட்டாள். அதனால் கண்ணையன் ஆலைக்குக் கரும்பு அனுப்பிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் திருத்தணியில் இறங்கிக்கொள்வார். டில்லிபாபுவை வெளிச்சத்தில் உட்காரவைத்து, உள்ளங்கையால் முன்னும் பின்னும் தடவி, உச்சியில் கொஞ்சம் பிடித்து இழுத்துப் பார்ப்பார்.

"நடுவுல நல்லாத் தூர் கட்டிக்கீது மாப்ள. ஓரம்தான் கொஞ்சம் சாவி, சரியா மொளைக்கல. இன்னும் ஒரு மழ பேஞ்சா வெச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போவார்.